பேண்ட் பிளான் கல்வெட்டல்ல

ஹாம் வானொலிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு புகார் எழாமல் இருக்காது. கம்ப்யூட்டர் வந்து பேண்டையே கெடுத்துவிட்டது; மோர்ஸுக்கு இந்த இடம், பேச்சுக்கு இந்த இடம் என்று முன்னோர் போட்டுத் தந்த எல்லைகளை யாரும் மதிப்பதில்லை; இந்த நிலையில் பேண்ட் பிளானைத் திருத்தப் புகுவது எஞ்சியதையும் தாரை வார்ப்பதுதான்; ஆகவே உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். மூத்த ஹாம்களிடம் இந்தக் கருத்துக்குத்தான் இன்றும் செல்வாக்கு அதிகம். அதைச் சொல்பவர்களில் பலர் இந்தக் கலைக்காக வாழ்நாளையே கொடுத்தவர்கள். அவர்கள் எதைக் காப்பாற்றத் துடிக்கிறார்களோ, அது காப்பாற்றப்பட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் சொல்லும் வழி அதைக் காப்பாற்றாது.

பேண்ட் பிளான் பெரும்பாலான நாடுகளில் சட்டம் அல்ல. எந்த அதிர்வெண்களை அமெச்சூர்களுக்குத் தருவது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் உலக வானொலி மாநாடுகளில் முடிவு செய்கிறது. அரசுகள் அதை உள்நாட்டுச் சட்டத்தில் சேர்க்கின்றன. கிடைத்த இடத்துக்குள் யார் எங்கே நிற்பது என்பதை அமெச்சூர்கள் தங்களுக்குள் பேசித் தீர்மானிக்கிறார்கள். இதற்காகவே இருப்பது 1925-இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம், அதாவது ஐ.ஏ.ஆர்.யூ. உலகை அது மூன்று மண்டலங்களாகப் பார்க்கிறது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதலாவதில், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவதில், இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட ஆசிய பசிபிக் நாடுகள் மூன்றாவதில். உட்பிரிவுகளையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் அமெரிக்கா போன்ற சில நாடுகள் விதிவிலக்கு.

ஆக, இது ஓர் உடன்பாடு. மீறுபவரைப் பிடிக்கப் போலீஸ் வராது. நடப்பு நிலைமையோடு ஒட்டிப்போகும் வரைதான் அதற்கு மரியாதை.

முன்னோர் போட்ட எல்லை என்கிறார்களே, அந்த முன்னோர் எத்தனை முறை எல்லையை மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். முதலில் இருந்தது தீப்பொறி டிரான்ஸ்மிட்டர். பேண்டையே அடைத்துக்கொண்டு கரகரக்கும் அதை, 1920-களில் சீரான அலையில் அனுப்பும் மோர்ஸ் விரட்டியது. பிறகு ஏ.எம். பேச்சு வந்தது, ஒருவர் பேச ஏறக்குறைய 6 கிலோஹெர்ட்ஸ் தேவைப்பட்டது. அதில் பாதி இடத்திலேயே பேசி முடிக்கும் சிங்கிள் சைட்பேண்ட் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியபோது, ஏ.எம். ரிசீவரில் அது வாத்துக் கத்தலாகத்தான் கேட்டது. இது பேச்சே இல்லை என்று அன்றைக்கும் சொன்னார்கள். இன்று மைக்கைப் பிடித்து மரபைக் காப்போம் என்று பேசுபவர்கள் அனைவரும் அந்த வாத்துக் கத்தலில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1979 மாநாடு 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளைத் தந்தபோது புதிய திட்டம் எழுதினார்கள். 40 மீட்டரில் 7.1 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த ஒலிபரப்பு நிலையங்கள் 2009 மார்ச் 29-இல் ஒன்றாம், மூன்றாம் மண்டலங்களில் இடத்தைக் காலி செய்தபோது, இந்திய ஹாம்களின் 40 மீட்டர் பேண்ட் இரு மடங்கானது. அன்றும் யாரும் பழைய பிளானைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. திருத்துவதுதான் இங்கே மரபு.

சர்ச்சையின் மையமான எஃப்டி8 என்ற கம்ப்யூட்டர் முறைக்கு வருவோம். 2017 ஜூலையில் அதை வெளியிட்டவர்கள் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும். டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்த முறையில் ஒரு சிக்னலின் அகலம் 50 ஹெர்ட்ஸ். எல்லோரின் கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். 15 வினாடிக்கு ஒரு முறை, 12.64 வினாடி நீளமுள்ள ஓர் அனுப்புதல். 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளக்கப்படும் இரைச்சலைவிட 21 டெசிபெல் தாழ்ந்திருந்தாலும், அதாவது நூறில் ஒரு பங்குக்கும் குறைவான வலுவோடு வந்தாலும், மென்பொருள் அதைப் படித்துவிடும். சூரியப்புள்ளிகள் மிகக் குறைந்திருந்த 2019-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குரல் எட்டாத தூரத்தை இது எட்டியது. மாடி உரிமை இல்லாத அடுக்ககத்தில், பால்கனிக் கம்பியோடு ஓர் ஒயரைக் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஐரோப்பாவைத் தொட நினைப்பவருக்கு இது ஒரு வாசல். ஒரே ஒரு சிங்கிள் சைட்பேண்ட் உரையாடல் அடைக்கும் 3 கிலோஹெர்ட்ஸில், கணக்குப்படி 60 எஃப்டி8 சிக்னல்கள் உரசாமல் நிற்கலாம். பேண்டை அடைத்துக்கொண்டது எது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கைப் பார்த்தபின் பதில் சொல்லட்டும்.

ஆனால் 40 மீட்டரில் உரசல் உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. எஃப்டி8 அங்கே நிற்பது 7.074-இல். அதிலிருந்து மேல்நோக்கி 7.077 வரை அந்தக் கூட்டம் பரவியிருக்கும். பேசுபவர்கள் 40 மீட்டரில் கீழ் சைட்பேண்டைப் பயன்படுத்துவார்கள். அவர்கள் குரல் டயல் எண்ணிலிருந்து கீழ்நோக்கி விரியும். காலையில் ஒருவர் டயலை 7.077-இல் வைத்து வணக்கம் சொன்னால் அவர் குரல் அந்தக் கூட்டத்தின் தலைமேலேயே விழும். அவர் காதிலோ பதினைந்து வினாடிக்கொரு முறை கூவி அடங்கும் பல விசில்கள். அவர் கோபப்படுவதில் என்ன தவறு?

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். எந்த மண்டலத்தின் எந்தக் குழுவும் கூடி 7.074 என்று தீர்மானம் போடவில்லை. மென்பொருளோடு வரும் அதிர்வெண் பட்டியலில் அது இருந்தது. அமெரிக்காவில் 7.125-க்குக் கீழே குரலுக்குப் பொதுவாக இடமில்லை, தரவுக்கும் மோர்ஸுக்கும்தான். ஆகவே அங்கே 7.074 பொருத்தமான இடம். ஐரோப்பாவிலோ 7.060 முதல் 7.100 வரையிலான பகுதி எல்லா முறைகளுக்கும் பொது. போட்டி நாட்களில் குரலுக்கு முன்னுரிமை உள்ள இடம். ஒரு நாட்டின் சட்டத்துக்கு ஒத்துவந்த ஓர் எண், உலகம் முழுவதற்குமான பிளானாகிவிட்டது. குழுக்கள் முந்திக்கொண்டு மூன்று மண்டலங்களுக்கும் ஒத்துவரும் ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தால், பட்டியலில் அந்த எண்தான் ஏறியிருக்கும். பிளானைத் தொடாமல் விட்டதனால் பழைய எல்லை காப்பாற்றப்படவில்லை. யாரும் ஓட்டுப் போடாத ஒரு பட்டியல் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முறையின் பெயரை வைத்து எல்லை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1980-இல் அங்கே ஹாம்கள் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் ஆஸ்கி எழுத்துகளை அனுப்ப அனுமதி கிடைத்தது. அன்றைய தொலைபேசி மோடங்கள் 300 பாட் வேகத்தில் ஓடிய காலம். சிற்றலைத் தரவுக்கும் அதே 300 பாட் உச்சவரம்பு சட்டத்தில் ஏறியது. சிக்னல் எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்று வரம்பில்லை. ஒரு வினாடிக்கு எத்தனை குறிகள் மாறலாம் என்றுதான் வரம்பு. இதன் விளைவைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பேக்டர் 3 என்ற முறை, 18 ஒலிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றையும் 100 பாட் வேகத்தில் அனுப்புகிறது. அகலம் ஏறக்குறைய 2.4 கிலோஹெர்ட்ஸ். அடுத்து வந்த பேக்டர் 4, அதே அகலத்துக்குள் ஒரே அலையை 1800 பாட் வேகத்தில் அனுப்பி அதைவிட அதிகத் தரவைக் கொண்டுசேர்க்கிறது. பக்கத்து அதிர்வெண்ணில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஓர் அங்குலம் கூடுதல் இடம் கேட்கவில்லை. ஆனால் முதலாவது சட்டப்படி செல்லும், இரண்டாவது செல்லாது.

2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்துப் போட்டது. தொலைபேசியும் மின்சாரமும் இல்லாத அந்தத் தீவுக்கு 50 ஹாம்களைத் திரட்டித் தருமாறு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டது. உயிர் தப்பியவர்களின் விவரங்களைச் சேகரித்து வெளியே அனுப்புவது அவர்களுடைய வேலைகளில் முக்கியமானது. ஆயிரம் பெயர்களை மைக்கில் எழுத்துக்கூட்டி வாசிப்பதையும், அதே பெயர்களைப் பிழையில்லாத கோப்பாக அனுப்புவதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேகமான பேக்டர் 4 முறையைப் பயன்படுத்த அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், எஃப்.சி.சி., தனியே தற்காலிக விலக்கு ஆணை போட வேண்டியிருந்தது. அடுத்தடுத்த புயல்களுக்கும் அதே கதை. மழைக்காலம் தோறும் விலக்கு கேட்டு வாங்க வேண்டிய விதி, விதியாக இருக்கத் தகுதியற்றது.

அமெரிக்க ஹாம்களின் ஏ.ஆர்.ஆர்.எல். சங்கம் 2005-இலேயே அகலத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று மனு போட்டது. மோர்ஸ் அழிந்துவிடும், இயந்திரங்கள் புகுந்துவிடும் என்று எதிர்ப்பு. 2007-இல் மனு திரும்பப் பெறப்பட்டது. 2013-இல் சிறிய அளவில் இன்னொரு மனு. 2023 நவம்பரில்தான் எஃப்.சி.சி. 300 பாட் வரம்பை நீக்கி 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பை வைத்தது. 2024 ஜனவரி 8 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 1980-இன் மோடத்துக்காக எழுதிய ஒரு வரி 43 ஆண்டுகள் நின்றது. அந்த 43 ஆண்டுகளில் அது மோர்ஸுக்குச் செய்த நன்மை ஒன்றுகூட இல்லை. அகல வரம்பே இல்லாததால், 300 பாட்டுக்குள் எத்தனை ஒலிகளை வேண்டுமானாலும் அடுக்கி மோர்ஸ்காரரின் பக்கத்தில் அகலமாகப் படுத்துக்கொள்ள வழி திறந்தே கிடந்தது.

ஒரு குறுகிய பாலத்தின் முகப்பில் எழுதி வைப்பது வண்டியின் பெயரையா, அகலத்தையும் எடையையுமா? முதல் மண்டலம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. 2005-இல் டாவோஸில் கூடிய மாநாடு சிற்றலை பேண்ட் பிளானை அகலத்தை வைத்தே மாற்றி எழுதியது. 20 மீட்டரில் 14.000 முதல் 14.070 வரை 200 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் 14.099 வரை 500 ஹெர்ட்ஸ், 14.101-க்கு மேல் 2700 ஹெர்ட்ஸ். மோர்ஸ் ஒழியவில்லை. 200 ஹெர்ட்ஸ் வேலி, மோர்ஸ் என்று எழுதிய பலகையைவிட உறுதியாக அதைக் காத்து நிற்கிறது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது ஒன்று வரும். அகலம் மட்டுமே அளவுகோல் என்றால் 50 ஹெர்ட்ஸ் எஃப்டி8 மோர்ஸ் பகுதிக்குள் தாராளமாக நுழையலாமே என்பார்கள். நியாயமான கேள்வி, அகலம் மட்டும் போதாது என்பதுதான் பதில். நடத்தையும் வேண்டும். மோர்ஸ்காரர் காதால் கேட்டு, காலியிடம் பார்த்து, யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி போட்டுவிட்டுத்தான் கீயைத் தட்டுவார். கடிகாரத்தைப் பார்த்து அனுப்பும் முறைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது எல்லோரும் ஒரே இடத்தில் கூடினால்தான் வேலை செய்யும். ஆளில்லாமல் தானே பதில் சொல்லும் அஞ்சல் நிலையம் இவை இரண்டிலிருந்தும் வேறு. அதற்குப் பக்கத்தில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் தெரியாது. மூத்த ஹாம்களின் கோபத்தில் பெரும்பகுதி உண்மையில் இந்தக் காது இல்லாத நிலையங்களின் மேல்தான். அதைக் கம்ப்யூட்டர் முழுவதின் மேலும் ஏற்றிவிடுகிறார்கள். முதல் மண்டலப் பிளான் 14.089 முதல் 14.099 வரை தானியங்கி நிலையங்களுக்கென்று காட்டியிருப்பது இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். திருத்தம் வேண்டும் என்பவர்கள் கேட்பது இன்னும் தெளிவான, இன்னும் கண்டிப்பான எல்லைகளைத்தான்.

கம்ப்யூட்டர் மோர்ஸைக் கொல்லும் என்ற பேச்சையும் நடப்பு பொய்யாக்கிவிட்டது. 2003 உலக மாநாடு மோர்ஸ் தேர்வை நாடுகளின் விருப்பத்துக்கு விட்டது. 2007-இல் அமெரிக்கா எல்லா உரிமங்களிலிருந்தும் அதை எடுத்தது. மோர்ஸ் மாய்ந்துபோனதா? மலையுச்சிக்குச் சின்ன ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஏறுபவர்கள் இன்றும் மோர்ஸைத்தான் விரும்பித் தட்டுகிறார்கள். அவர்களுக்குக் கை கொடுப்பது ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க். உலகெங்கும் தன்னார்வலர்கள் ஓடவிட்டிருக்கும் ரிசீவர்கள் பேண்ட் முழுவதிலும் வரும் மோர்ஸ் அழைப்புகளைத் தாமே படித்து, யார் எங்கே அழைக்கிறார் என்று இணையத்தில் போட்டுவிடுகின்றன. மலைமேல் நாலு வாட்டில் அழைப்பவரை அடுத்த நிமிடமே பத்துப் பேர் தேடி வருவது அந்தக் கம்ப்யூட்டர்களால்தான்.

இந்த விவாதத்தில் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாத அபாயம் வெளியே இருக்கிறது. 1988-இல் அமெரிக்கா 220 முதல் 222 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஹாம்களிடமிருந்து எடுத்து வணிக வானொலிக்குத் தர முடிவு செய்தது. 2019-இல் பிரான்ஸ், உலக ஹாம்கள் தங்கள் சொத்தாக நினைக்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸை வானூர்திச் சேவைக்கு ஆராயலாம் என்று ஐரோப்பிய அமைப்பின் முன் யோசனை வைத்தது. எதிர்ப்பு பலமாக எழுந்ததால் அது அந்த ஆண்டிலேயே கைவிடப்பட்டது. இப்படி ஒரு யோசனை திரும்ப வரும்போது, இந்த இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்றுதான் அரசு கேட்கும். வெறுமையாகக் கிடக்கும் ஒரு பகுதியைக் காட்டி இது மரபுப்படி ஒதுக்கியது என்றால் எந்த அதிகாரி ஏற்பார்? புதிய சோதனைகளுக்கு இடம் தந்து ஆட்களால் நிறைந்திருக்கும் பேண்டுக்காகத்தான் வாதாட முடியும்.

எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. 14.100 போன்ற எண்களைத் தொடவே கூடாது. வட கலிஃபோர்னியா டிஎக்ஸ் அறக்கட்டளையும் ஐ.ஏ.ஆர்.யூ.வும் சேர்ந்து அமைத்த பீக்கன்களின் இடம் அது. உலகெங்குமுள்ள 18 நிலையங்களுக்கு மூன்று நிமிடச் சுற்றில் ஆளுக்குப் பத்து வினாடி. இலங்கையின் 4எஸ்7பி-க்கும் அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு. முதலில் 100 வாட்டில் தன் பெயரை மோர்ஸில் சொல்லும். பிறகு நான்கு நீண்ட ஒலிகள், 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசியாக 0.1 வாட். எந்த ஒலிவரை கேட்கிறது என்பதை வைத்து வானம் எந்தத் திசையில் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பேரிடர் நேரத்தில் உலகம் கூடும் 14.300, இந்தப் பகுதியில் 7.110 ஆகியவையும் அப்படியே. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது அந்தமானில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேரிலிருந்து இயங்கிக்கொண்டிருந்தது. முதன்மைத் தொடர்புகள் அறுந்த தீவிலிருந்து செய்தி வெளியே வந்தது அந்தக் குரல்களால். அத்தகைய குரலுக்கு இடையூறு இல்லாத இடம் எப்போதும் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் உறுதியாகக் காக்க வேண்டுமானால், மற்ற இடங்களில் நெரிசலைத் தீர்த்தாக வேண்டும்.

புதிதாகத் திட்டம் போட்டால் ஹாம்கள் மதிக்கமாட்டார்கள் என்ற அவநம்பிக்கைக்கு வானத்திலேயே பதில் இருக்கிறது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் க்யூஓ-100 என்ற அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர் பயணம் செய்கிறது. புவிநிலைப் பாதையில் ஹாம்களுக்குக் கிடைத்த முதல் இடம் அது. தமிழ்நாட்டு மொட்டைமாடியில் ஒரு டிஷ் வைத்தால் பிரேசில்வரை பேசலாம். அதன் குறுகிய அகலப் பிரிவில் எந்த சிக்னலும் 2.7 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. யாராவது பீக்கனைவிட வலுவாகக் கத்தினால் சைரன் ஒலி அவர் மேலேயே வந்து விழும். தொடக்கத்தில் 250 கிலோஹெர்ட்ஸாக இருந்த இடம் போதவில்லை என்று தெரிந்ததும் 2020-இல் 500 ஆக விரித்துப் பிளானையும் மாற்றி எழுதினார்கள். ஓராண்டுப் பயன்பாட்டைப் பார்த்துத் திருத்தினார்கள், எல்லோரும் புதிய இடங்களுக்கு நகர்ந்தார்கள்.

சிற்றலையில் மட்டும் ஏன் முடியாது? மண்டல மாநாடுகள் மூன்றாண்டுக்கு ஒரு முறைதான் கூடுகின்றன. எஃப்டி8-ஓ வெளிவந்த சில மாதங்களிலேயே பேண்டுகளை நிறைத்தது. இரண்டு மாநாடுகளுக்கு நடுவே தற்காலிகப் பகுதிகளை அறிவிக்கவும், ஓராண்டு பார்த்து நிலைநிறுத்தவோ நீக்கவோ செய்யவும் ஒரு நிலைக்குழுவுக்கு அதிகாரம் வேண்டும். பிளானின் ஒவ்வொரு வரியிலும் அகலத்தோடு, ஆள் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையமா, ஆளில்லா நிலையமா என்பதும், அந்த வரி எந்த ஆண்டு மறுபரிசீலனைக்கு வரும் என்பதும் அச்சாக வேண்டும்.

எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் அமைப்புகளில் பயனர் தன் ஐ.ஏ.ஆர்.யூ. மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க ஏற்கெனவே வசதி இருக்கிறது. மண்டலத்துக்கு ஏற்ற அதிர்வெண் பட்டியலை அது காட்டும். மூன்றாம் மண்டலம் 40 மீட்டரில் குரலோடு மோதாத ஓர் இடத்தை முறைப்படி அறிவித்தால், அந்தப் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கமும் இலங்கை வானொலிச் சங்கமும் ஐ.ஏ.ஆர்.யூ.வின் உறுப்பினர்கள், மண்டல மாநாட்டுக்குத் தீர்மானம் அனுப்ப அவற்றுக்கு உரிமை உண்டு. காலை வானலைச் சந்திப்பில் விசிலைக் கேட்டுக் கொதிக்கும் மூத்த ஹாம்களும் இரவில் பால்கனி ஒயரோடு உட்காரும் இளைஞர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு, அடுத்த மாநாட்டுக்கு அந்தத் தீர்மானத்தை இந்தச் சங்கங்கள் வழியாகக் கொண்டுபோக வேண்டும்.